கல்யாணப் பேச்சில் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். வழக்கு போட வருபவர்களைவிட, "ஒரே ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போயிடறேன் மேடம்" என்று வருபவர்கள்தான் அதிகம். பவுன், சம்பளம், சீர், அந்தஸ்து என்று சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கும். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு நடப்பையும் இந்தியச் சட்டத்தையும் வைத்து எழுதியது இது.

சீர் வேற, வரதட்சணை வேறதானே மேடம்? சீர் செய்யறது நம்ம வழக்கம்தானே?

1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. கல்யாணத்தை ஒட்டி ஒரு தரப்பு மறுதரப்புக்குக் கொடுத்த, கொடுப்பதாக ஒப்புக்கொண்ட சொத்து எதுவானாலும் வரதட்சணைதான். கல்யாணத்துக்கு முன்பு, அன்று, பின்பு என்ற வித்தியாசமும் இல்லை. முஸ்லிம் திருமணங்களில் மணமகன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் இதில் சேராது.

அன்பளிப்புக்கு இடம் இருக்கிறது. யாரும் கேட்காமல் கொடுத்திருக்க வேண்டும், பட்டியலில் எழுதியிருக்க வேண்டும், கொடுப்பவரின் வசதிக்கு மீறியதாக இருக்கக் கூடாது. பெண்ணுக்கு நீங்களாக எடுக்கும் பட்டுப்புடவை, பாத்திரம் எல்லாம் இதில் அடங்கும். "கார் இல்லாமல் மேடை ஏற மாட்டார்" என்று வந்த காருக்கு சீர் என்று பெயர் வைத்தாலும் அது வரதட்சணைதான்.

"நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க"ன்னு சொல்றாங்க. நல்ல இடம்தானே?

நல்ல இடமாகவும் இருக்கலாம். ஆனால் என்னிடம் வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்திருக்கின்றன. தொகை சொல்லிக் கேட்பவரிடம் "முடியாது" என்று சொல்லிவிடலாம். எதுவும் கேட்காதவரிடம் எதை மறுப்பது? பெண்ணின் அப்பா தானாகவே யூகித்து, யூகத்துக்கு மேல் பத்துப் பவுன் கூட்டிக்கொள்கிறார். பத்திரிகை அடித்து முடித்த பிறகு மாப்பிள்ளையின் அத்தை போன் செய்வார்: "மூத்த மருமகளுக்கு எழுபது பவுன் போட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, சொந்தக்காரங்க முன்னாடி உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல் ஆயிடக் கூடாது." இதைக் கோரிக்கை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க நான் படாதபாடு படவேண்டும்.

கல்யாணத்தோடும் முடியாது. தலை தீபாவளி, ஆடிச் சீர், தைப்பொங்கல், வளைகாப்பு, குழந்தைக்குக் காதுகுத்து என்று ஒவ்வொன்றிலும் அதே சொல்லாத கணக்கு வந்து நிற்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: பூ வைப்பதற்கு முன்பே, பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, பெண்ணின் அப்பாவே வாயைத் திறக்கட்டும். "சம்பந்தி, என் பொண்ணுக்கு நான் இவ்வளவுதான் செய்யப் போறேன். அது அவ பேர்ல இருக்கும். இதுக்கு மேல என்னால முடியாது, பின்னாலயும் முடியாது. உங்களுக்குச் சம்மதம்னா மேற்கொண்டு பேசலாம்." முகம் சுண்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும். பேச்சு முறிந்தாலும் இழப்பு ஒரு டிபன் செலவுதான்.

மாப்பிள்ளை சம்பளத்தை எப்படிக் கேக்கறது? கேட்டா மரியாதைக் குறைவா நினைப்பாங்களே?

ஜாதகம் கேட்கிறோம், குலதெய்வம் கேட்கிறோம். சம்பளமும் கேட்கலாம், இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் ஒரு லட்சம் கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பிஎஃப்பில் நிறுவனத்தின் பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, வந்தால் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கும். கைக்கு எவ்வளவு வருகிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே போகிறது என்று கேளுங்கள். கல்விக் கடன், வீட்டுக் கடன், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன், ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் இதில் வரும்.

பெரியவர்கள் கேட்கக் கூச்சப்பட்டால் பையனும் பெண்ணும் பேசிக்கொள்ளலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவருடைய முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். இருவரும் அவரவர் அறிக்கையை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டலாம். காதலிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஓட்டல் பில்லை யார் கட்டுவது என்பதில் ஒரு வருடம் ரோஷம் பார்த்துவிட்டு, ஏழு லட்ச ரூபாய் தனிநபர் கடனைப் பற்றிக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொள்ளும் ஜோடிகள் இருக்கிறார்கள்.

அரசு வேலை மாப்பிள்ளைன்னா கூடப் போட்டுத்தான் ஆகணும்கிறாங்க. அது அவ்வளவு பாதுகாப்பா?

வேலை பாதுகாப்பானதுதான். ஆனால் "சாகும் வரைக்கும் பென்ஷன்" என்று நம் அப்பாக்கள் மனதில் இருக்கும் படம் பழையது. தமிழ்நாடு அரசில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1க்குப் பிறகும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் பொதுவாக அப்படியே கிடையாது. எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 13ஏ என்ற விதி, ஊழியர் வரதட்சணை வாங்குவதையும் கேட்பதையும் தடை செய்கிறது. அரசு வேலையைக் காட்டி விலை ஏற்றுபவர் அந்த வேலையையே பணயம் வைக்கிறார்.

அமெரிக்க மாப்பிள்ளை. பொண்ணும் போய் அங்கேயே வேலை பார்த்துக்கலாம்தானே?

அவர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தால் மனைவிக்கு எச்-4 விசா கிடைக்கும். அதில் தானாக வேலை உரிமை வராது. கணவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியும். எம்.இ. முடித்து இங்கே நல்ல சம்பளத்தில் இருந்த பெண், அங்கே ஒரு ஷாம்பு வாங்கவும் கணவரின் கார்டை எதிர்பார்த்து இருந்ததைக் கேட்டிருக்கிறேன். எந்த விசா, கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று டிக்கெட் போடும் முன் கேளுங்கள்.

நகை எத்தனை பவுன் போட்டா மரியாதையா இருக்கும்?

எண் சொல்ல மாட்டேன். கடன் வாங்காமல் எவ்வளவு முடியுமோ அதுதான் வரம்பு. கடையில் செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி கட்டி வாங்குகிறீர்கள். திருப்பி விற்கும்போது இந்த மூன்றும் கைக்கு வராது. வீட்டை அடமானம் வைத்து வாங்கும் நகைக்கு வட்டி கட்டுவது பெரும்பாலும் பெண்ணின் தம்பிதான்.

வாங்குவதாக இருந்தால் பில் பெண்ணின் பெயரில் இருக்கட்டும், எச்யூஐடி என்ற தனி அடையாள எண் பொறித்த ஹால்மார்க் நகையாக இருக்கட்டும். வருமான வரிச் சோதனையின்போது மணமான பெண்ணிடம் 500 கிராம் வரை உள்ள நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994இல் ஓர் அறிவுறுத்தல் வந்தது. பவுனுக்கு 8 கிராம் என்றால் அது அறுபத்திரண்டரைப் பவுன். அதற்கு மேல் போட்டுக் கௌரவம் காட்டுபவர்கள் பில்லையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கல்யாணம் ஆன மறுநாளே நகையெல்லாம் மாமியார் பீரோவுக்குப் போயிடுச்சு. அது இப்ப யாருது?

உங்களுடையது. பிறந்த வீடு, புகுந்த வீடு, சொந்தக்காரர்கள் யார் கொடுத்திருந்தாலும் பெண்ணுக்குக் கொடுத்தது பெண்ணின் சொத்து. அதை இந்துச் சட்டத்தில் ஸ்திரீதனம் என்பார்கள். மாமியார் அதைப் பாதுகாத்து வைக்கலாம், சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. கேட்டும் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. வரதட்சணையாகவே போன பொருளைக்கூட மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு.

2024இல் கேரள வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 89 பவுன் நகையைக் கல்யாணத்தன்று இரவே கணவர் வாங்கித் தன் அம்மாவிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தார் என்பது பெண்ணின் வாதம். குடும்ப நீதிமன்றத்தில் ஜெயித்து, உயர் நீதிமன்றத்தில் தோற்று, கடைசியில் 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கல்யாணம் நடந்தது 2003இல். இருபது வருடம் இழுத்திருக்கிறது.

இதைத் தவிர்க்கத்தான் பட்டியல். 1985ஆம் ஆண்டு விதிகளின்படி பெண்ணுக்கு வந்த அன்பளிப்புகளைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளையும் பட்டியலாக வைத்திருக்க வேண்டும். பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "தப்பா நினைப்பாங்களே" என்பார்கள். மொய் நோட்டில் நூற்றியொரு ரூபாய்க்குக்கூட ஊர், பெயர் எழுதி வைக்கிறோமே, அதில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. நகைகளைத் தட்டில் பரப்பி எடுத்த படமும், பெண் பெயரில் ஒரு வங்கி லாக்கரும் கூடவே இருக்கட்டும்.

கல்யாணச் செலவு பொண்ணு வீடுதான் பண்ணணுமா? சிம்பிளா பண்ணினா சட்டப்படி செல்லுமா?

எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. இப்போது பாதிப் பாதி பிரித்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. ஆனால் "பாதி" என்றால் எதில் பாதி என்று முதலிலேயே பேசுங்கள். மண்டபமும் சாப்பாடும் பெண் வீட்டுக்கு, வரவேற்பு மேடை அலங்காரம் எங்களுக்கு என்று பிரித்துவிட்டு அதைப் பாதி என்று சொல்லிவிடுகிறார்கள். "மொய் வந்தால் அடைந்துவிடும்" என்று கடன் வாங்காதீர்கள். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எளிமையான கல்யாணம் தாராளமாகச் செல்லும். இந்துக்களுக்கு, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு ஏற்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். எப்படிச் செய்தாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தினருக்கும் பதிவு கட்டாயம்.

பொண்ணுக்கு மாப்பிள்ளையைவிடச் சம்பளம் அதிகம். இது பிரச்சினை ஆகுமா?

சம்பளத்தால் வரும் பிரச்சினையைவிட, அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்பதில் வரும் பிரச்சினை அதிகம். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்கப்பா அம்மாவுக்கு மாசம் பதினஞ்சாயிரம் அனுப்புவேன்" என்பதைப் பெண் முன்பே சொல்லிவிட வேண்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் "பிள்ளைகள்" என்றால் மகளும் சேர்த்திதான். மகன் அனுப்பினால் கடமை, மகள் அனுப்பினால் தாராளம் என்று பார்க்கும் பழக்கம் மாற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஏடிஎம் கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். பொதுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு வைத்து, இருவரும் சம்பள விகிதத்தில் போடுங்கள். மீதி அவரவர் கணக்கில் இருக்கட்டும்.

என் பையனுக்கு 34 வயசு. சொந்த நிலம், கிணறு இருக்கு. விவசாயம்னு சொன்னாலே பொண்ணு தர மாட்டேங்கறாங்க. பொண்ணுங்களுக்குப் பணத்தாசை ஆயிடுச்சா?

இந்தக் கேள்வியை வேதனையோடு கேட்கிறார்கள், கோபத்தோடு அல்ல. அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். படித்த பெண், மழையையும் சந்தை விலையையும் நம்பிய வருமானத்தை யோசிப்பது நியாயம். கூடவே "மாட்டுக்குத் தீவனம் வைக்கணும், கூட்டுக் குடும்பம்தான், வேலைக்குப் போக வேண்டாம்" என்று நாம் அடுக்குகிறோம். அவள் வேலைக்குப் போகலாம், தனியாக அடுப்படி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் திண்ணையில் பேசுவதில்லை. மேற்கு மாவட்டங்களில் கேரளாவுக்குப் போய்ப் பெண் எடுக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்ததே, ஏன்? 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலத்தில் தொடங்கியது. பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாமல் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசே கெஞ்ச வேண்டியிருந்தது. ஸ்கேன் பார்த்துக் கலைத்தவர்கள் தனி. பெண் பிறந்தால் நகை போட்டு மாளாது என்ற பயம் அதற்கு ஒரு பெரிய காரணம். இன்றைக்கு முப்பதைத் தாண்டி நிற்கும் பையன்களுக்கு மனைவியாகி இருக்க வேண்டிய பெண்களில் பலர் பிறக்கவே இல்லை, பிறந்தும் இருக்கவிடப்படவில்லை.

அப்பா எனக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்துட்டார். அதனால சொத்துல பங்கு கிடையாதுன்னு அண்ணன் சொல்றார். சரியா?

சரியில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே இந்த உரிமை வந்துவிட்டது. அன்றைக்கு முன் கல்யாணமானவர்கள் மட்டும் விடுபட்டார்கள். இந்து வாரிசுச் சட்டத்தின் 2005 திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் திறக்க முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் விருப்பப்படி உயில் எழுதலாம். எழுதாமல் போனால் அதிலும் மகளுக்குச் சம பங்கு. இது இந்து வாரிசுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கான பதில். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சட்டம் வேறு.

கல்யாண அவசரத்தில் "சும்மா ஒரு கையெழுத்து" என்று, சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் நீட்டினால் படிக்காமல் போடாதீர்கள். நகைக்கு உரிமை வேறு, நிலத்துக்கு உரிமை வேறு.

நான் லவ் பண்ற பையன் வசதி கம்மி. "நம்ம ஸ்டேட்டஸுக்குச் சரிப்படாது"ன்னு அப்பா சொல்றார். பணம் வந்தா மனசு மாறுவாரா?

முதலில் அவர் எதைச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதே சம்பளத்தில் சொந்தச் சாதிப் பையன் என்றால் சம்மதிப்பாரா? இந்தப் பையனே நாளைக்கு மூன்று மடங்கு சம்பாதித்தால் சம்மதிப்பாரா? முதல் கேள்விக்கு "ஆமாம்", இரண்டாவதற்கு "இல்லை" என்றால் பேச்சு பணத்தைப் பற்றியது அல்ல, சாதியைப் பற்றியது. பதவி உயர்வுக்காகக் காத்திருந்து வருடங்களை வீணாக்காதீர்கள்.

உண்மையிலேயே பணம்தான் கவலை என்றால் அந்தக் கவலைக்கு மதிப்புக் கொடுங்கள். சம்பளம் பற்றிய பதிலில் சொன்ன கணக்கையெல்லாம் எழுதி, வாடகை எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று இருவருமாக அவர் முன் வையுங்கள். இறங்கி வந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

சாதிதான் என்றால் பாதுகாப்பை முதலில் யோசியுங்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் என்ற தலித் இளைஞர் பட்டப்பகலில், மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். மிரட்டல் இருந்தால் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்துப் பாதுகாப்புக் கேளுங்கள். வயது வந்த இருவரின் சம்மதம் போதும், குடும்பத்தின் அனுமதி தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கலப்புத் திருமண நிதியுதவி உங்களுக்குப் பொருந்துமா என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் அந்தப் பணத்தை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

குடுத்ததும் குற்றம்தானாமே. இப்ப புகார் குடுத்தா நாங்களே மாட்டிக்குவோமா?

வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், குறைந்தது ஐந்து வருடச் சிறை என்கிறது வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஆனால் பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்தே அவர்மீது வழக்குப் போட முடியாது என்று அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. இந்தப் பயத்தைச் சொல்லித்தான் பல பெண்களின் வாயை அடைக்கிறார்கள்.

முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று சொன்ன கொடுமைப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. உடனே எல்லோரையும் கைது செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகு காவல்துறை முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதுதான் வழக்கம். அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டச் சமூகநல அலுவலர், 181 உதவி எண் எதை வேண்டுமானாலும் அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100. அடி, மிரட்டல் இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் அந்த வீட்டைவிட்டு வெளியே வாருங்கள்.

நாங்க பையன் வீடு. நிஜமாவே எதுவும் வேண்டாம்னு சொல்லியும் பொண்ணு வீட்டுல கேக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

இரண்டாவது கேள்வியில் சொன்ன குழப்பத்தை உங்கள் பக்கத்திலிருந்து நீங்களே தீர்க்கலாம். "எதுவும் வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், ஊர் அப்படிப் பழக்கியிருக்கிறது. பெயர் சொல்லி மறுங்கள்: கார் வேண்டாம், ரொக்கம் வேண்டாம், மாப்பிள்ளைக்குச் செயின் வேண்டாம், தீபாவளிச் சீர் வேண்டாம். இதைப் பையனே மாமனாரிடம் நேரில் சொன்னால் இன்னும் நல்லது. அத்தை, சித்தப்பா யாரும் தனியாகப் போன் பேசக் கூடாது என்று உங்கள் வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அதற்கும் மேல் மகளுக்குச் செய்தே தீருவோம் என்றால், அவள் பெயரில் மட்டும் வைப்புத்தொகை போடச் சொல்லுங்கள், அன்பளிப்புப் பட்டியலிலும் எழுதுங்கள். நாமினி யார் என்பதை அவளே எழுதட்டும், பாஸ்புக்கும் அவள் கையிலேயே இருக்கட்டும்.